அண்ணிக்கு விசிட் விசா, கொழுந்தனுக்கு இன்ஷூரன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளியுறவுக் கொள்கையில் பெண் சமத்துவம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2014இல் சுவீடன் 'பெண்ணிய வெளியுறவுக் கொள்கை' என்று முதன்முதலாக அறிவித்தது, 2022இல் ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டது, எந்த நாட்டில் எத்தனை பெண் தூதர்கள் என்று எல்லாம் விவரமாக இருந்தது. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் தூதரக வாசலில் போய் நிற்கிற பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காட்டுமன்னார்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்குப் பதிவு செய்வது, கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதுவது எல்லாம் செய்வேன். வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு எங்கள் பக்கம் குறைவு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் அம்மா செல்போனை நீட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார். மஸ்கட்டில் வீட்டு வேலைக்குப் போன மகள் அனுப்பிய குரல் பதிவு. முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்காரர்கள் காதில் விழாமல் இருக்க, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியிருக்கிறது அந்தப் பெண். நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் அவர்கள் கையில், தூங்க மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது.

வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் இணையதளத்தில் புகார் பதிய உட்கார்ந்தேன். வேலை கொடுத்தவர் பெயர்? தெரியாது. முகவரி? எதிரே மருந்துக்கடை, பச்சை போர்டு, அவ்வளவுதான். ஒப்பந்தம்? கிடையாது. துபாய்க்கு விசிட் விசாவில் கூட்டிப்போய், அங்கிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பியிருக்கிறார் ஏஜென்ட். அந்தப் பெண் திரும்பி வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

ஏன் விசிட் விசா? அப்போது அவருக்கு வயது 27. பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு உள்ள பாஸ்போர்ட். அந்த பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது முடியாவிட்டால், வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அந்த அனுமதி கிடையாது. பெண்களைப் பாதுகாக்கத்தான் இந்த விதி என்கிறார்கள். அதே வீட்டில் அவருடைய கொழுந்தனுக்கு வயது 22. அவரும் பத்தாவது தேறவில்லை, அவருடையதும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான். அவர் அதே மாதம் பதிவு பெற்ற ஏஜென்சி மூலம், கையெழுத்தான ஒப்பந்தத்தோடு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா இன்ஷூரன்ஸோடு கத்தாருக்குப் போனார். இரண்டு பேருடைய காகிதங்களையும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். சாரத்திலிருந்து விழுந்து கணவர் படுத்துவிட்ட வீட்டில் மூன்று வருஷம் காத்திரு என்றால் யாரால் முடியும்? விதி அவரைப் போகவிடாமல் தடுக்கவில்லை. காகிதம் இல்லாமல் போக வைத்தது.

இந்தப் போக்கு புதிதும் அல்ல. சென்னையில் படித்து, ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா காலத்தில், பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கிறது என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். அவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஆபத்து ஆண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டாலும் உண்டுதானே என்று 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேட்டார். அதிகாரிகளுக்கு அந்த விதி போய்விட்டது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மட்டும் அதே மனப்பான்மை வேறு பெயரில் நிற்கிறது.

இலங்கையிலும் இதைப் பார்த்தோம். வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டோடு 17 வயதில் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட மூதூர்ப் பெண் ரிசானா நபீக்குக்கு, வேலை பார்த்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாகச் சொல்லி, 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்னும் மறக்கவில்லை. அதே ஆண்டில் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றது. அப்பாக்களிடம் அந்த அறிக்கையைக் கேட்கவில்லை.

பிலிப்பைன்ஸும் தடை போட்டது. 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் உடல் ஃப்ரீசரில் கிடைத்தபோது ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் அந்தத் தடையை வைத்தே பேரம் பேசி, மே மாதமே ஒப்பந்தம் போட்டது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக் கூடாது, செல்போன் வைத்துக்கொள்ள விட வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்தக் குளியலறைக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டவள் என்பதால், செல்போன் என்ற அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை இப்படித்தான் ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர வேண்டும்.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக 2014இல் சவூதியோடும், 2021இல் குவைத்தோடும் ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஆனால் விசிட் விசாவில் போனவருக்கு அந்த ஒப்பந்தத்தைக் காட்டி என்ன கேட்க முடியும்? வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக வாக்களித்த நாமே இன்னும் அதை உறுதிசெய்யவில்லை.

1983ஆம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டத்தை மாற்றுவதாக 2021இல் ஒரு வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். மாற்றும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது வையுங்கள். 22 வயதுக் கொழுந்தனுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தையும் இன்ஷூரன்ஸையும் அண்ணிக்கும் கொடுங்கள். வளைகுடாத் தூதரகங்களில் இரவிலும் போனை எடுத்துத் தமிழில் பேச ஒரு பெண் அலுவலரை உட்கார வையுங்கள். நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு வருகிற தை மாதம் 30 வயது முடிகிறது. கடன் இன்னும் அடையவில்லை. இந்த முறை முறையாகப் போக வேண்டும் என்று பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கடையில் கொடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்டுமன்னார்கோவில், கடலூர் மாவட்டம்.