வரைபடம் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

முதலாளித்துவத்தின் மீது இத்தனை குறை சொல்கிறீர்களே அப்பா, அதற்குப் பின் வரப்போவது எப்படி இருக்கும் என்று ஒரு வரைபடமாவது காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானது, மார்க்சிடமும் இதையே எதிர்பார்த்தார்கள். வருங்காலத்தின் அடுக்களைகளுக்குச் சமையல் குறிப்பு எழுதித் தருவது தன் வேலையல்ல என்ற பொருளில், 'மூலதனம்' முதல் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கு 1873இல் எழுதிய பின்னுரையில் அவர் பதில் சொல்லிவிட்டார்.

அவருக்கு முன்பே லட்சியச் சமூகங்களைக் கற்பனை செய்த சோசலிசச் சிந்தனையாளர்களான பிரிட்டனின் ராபர்ட் ஓவனும் பிரான்சின் ஃபூரியேவும் எத்தனை பேர் எப்படிப்பட்ட கட்டடத்தில் வாழ வேண்டும் என்பது வரை கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஓவன் 1825இல் அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஹார்மனி குடியிருப்பு சில ஆண்டுகளிலேயே கலைந்து போனது. ஆயினும் வரைபடம் தர மறுத்ததற்கும் ஒரு விலை இருந்தது என்பதைப் பொதுவுடைமையாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெற்றிடத்தை 20ஆம் நூற்றாண்டில் அரசு அலுவலகங்கள் நிரப்பின. சோவியத் ஒன்றியத்தில் தொழிற்சாலைகள் முதலாளிகளின் கையை விட்டுப் போயின. ஆனால் 1928இல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய பிறகும், எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் செய்வது என்பதை இயந்திரத்தின் முன் நின்றவர் தீர்மானிக்கவில்லை. ஆகவே சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், உழைப்பைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்று கேட்பது என் வழக்கம்.

1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் நகர ஆட்சியைத் தாங்களே ஏற்று நடத்திய பாரிஸ் கம்யூன் என்னை இன்றும் ஈர்ப்பது அதனால்தான். மார்ச் 18 முதல் மே 28 வரையே நீடித்த அந்த ஆட்சி, முதலாளிகள் விட்டுச் சென்ற பட்டறைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. ரொட்டித் தொழிலாளர்களின் இரவு வேலையைத் தடைசெய்தது. அதிகாரிகளின் ஆண்டுச் சம்பளத்துக்கு 6,000 பிராங்கு என்று உச்சவரம்பு வைத்தது. இவற்றில் எதையும் எந்தத் தத்துவ நூலிலிருந்தும் அவர்கள் பெயர்த்து எழுதவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1881 பிப்ரவரியில், வேரா சசூலிச் என்ற ரஷ்யப் புரட்சியாளர் மார்க்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலத்தைப் பொதுவில் வைத்து அவ்வப்போது குடும்பங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட ரஷ்யக் கிராமச் சமுதாயம் அழிந்தே தீர வேண்டுமா, முதலாளித்துவம் வளர்ந்து முற்றும்வரை நாங்கள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா என்பது அவர் கேள்வி. மார்க்ஸ் நீண்ட வரைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார், அடித்தார், திருத்தினார். மார்ச் 8 அன்று அனுப்பியதோ மிகச் சிறிய பதில். தான் விவரித்த வரலாற்றுப் பாதையின் தவிர்க்க முடியாமை மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்றும், அழிவுச் சக்திகளை அகற்றினால் அந்தக் கிராமச் சமுதாயமே ரஷ்யாவின் மறுமலர்ச்சிக்கு ஆதாரமாக அமையலாம் என்றும் அதில் சொன்னார். இந்தக் கடிதமும் வரைவுகளும் 1924 வரை அச்சேறவில்லை. எல்லாச் சமூகங்களும் ஒரே படிக்கட்டில் ஏறியாக வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் இதைக் கொஞ்சம் முன்பே படித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீ குறிப்பிட்ட மோன்ட்ராகான் கூட்டுறவுகளையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் தொடங்கி, தொழிலாளர்களே உரிமையாளர்களாக நடத்திவரும் அமைப்பு அது. ஆனால் சந்தைப் போட்டி அவர்களையும் விட்டுவைப்பதில்லை. அந்தக் கூட்டமைப்பின் ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் திவாலானது. முதலாளி இல்லாத இடத்திலும் விலைப் போட்டி முதலாளியின் வேலையைச் செய்துவிடும்.

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், தேவையின் நிர்ப்பந்தத்தால் செய்யும் உழைப்பு முடியும் இடத்தில்தான் சுதந்திரத்தின் உலகம் தொடங்குகிறது என்றும், வேலைநேரத்தைக் குறைப்பதே அதற்கு அடிப்படை என்றும் மார்க்ஸ் எழுதுகிறார். பூமிக்கு எந்தச் சமூகமும் உரிமையாளர் அல்ல, அனுபவிப்பவர் மட்டுமே. நல்ல குடும்பத் தலைவர்களைப் போல அதை மேம்படுத்தி அடுத்த தலைமுறையிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வதும் அதே தொகுதிதான். தகப்பன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

கடைசியாக, யாரும் விரும்பாத அழுக்கு வேலைகளை யார் செய்வார்கள் என்று கேட்டாய். அழுக்கில் புரள ஆசைப்படும் சிறுவர்களிடம் விட்டுவிடலாம் என்று ஃபூரியே உண்மையாகவே எழுதினார். உன் சிறுவயது அறையை நினைத்தால் அவரை முற்றிலும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி, வருங்காலச் சமூகத்தைக் கற்பனை செய்து 1888இல் வெளியிட்ட தன் நாவலில், கடினமான வேலைக்குக் குறைந்த நேரம் என்று வைத்தார். இன்று மிகக் கடினமான வேலைக்கே பல இடங்களில் மிகக் குறைந்த கூலியும் மிக நீண்ட நேரமும் வாய்க்கின்றன என்பதால், எனக்கு அது பொருத்தமான தொடக்கமாகப் படுகிறது. எது கடினம், எத்தனை மணிநேரம் போதும் என்பதை யார் தீர்மானிப்பது என்று நீ மறுகேள்வி கேட்பாய். அந்த வேலையைச் செய்கிறவர்களை முதலில் பேசவிட வேண்டும் என்பேன். அதன் பிறகும் ஆள் கிடைக்காத வேலையை, நீயும் நானும் உட்பட, முறைவைத்துச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நீ சம்மதிப்பாயா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா