கண்ணாடியை உடைத்துவிடுங்கள், மெக்கானிக் வரட்டும் என்று நிற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிறுத்திவைத்த காருக்குள் குழந்தை சிக்கிக்கொண்டது என்று ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த சில நாட்களுக்குக் கடிதப் பகுதியில் பெற்றோரைத் திட்டித் தீர்க்கிறார்கள். பெற்ற பிள்ளையை யாராவது மறப்பார்களா, இவர்களுக்கெல்லாம் எதற்குக் கார் என்று. எழுதுகிறவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கடிதங்களில் காரைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. நான் கார் ஏசி மெக்கானிக். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்து தலையை உள்ளே விடுவதுதான் என் பிழைப்பு. பெற்றோரைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், நான் காரைப் பற்றி எழுதுகிறேன்.

ஏசி குளிரவில்லை என்று வண்டி வந்தால் முதலில் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைப்போம். வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால் அது காட்டும் எண்ணை வண்டிக்காரர் நம்ப மாட்டார். உங்கள் தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்பார். கெடவில்லை. வெயில் கண்ணாடி வழியாகத் தடையில்லாமல் உள்ளே வருகிறது. டேஷ்போர்டும் சீட்டும் அதை வாங்கிச் சூடாகின்றன. அப்படிச் சூடான பொருள்கள் திருப்பி விடும் வெப்பக் கதிர் வேறு வகை, அதைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. உள்ளே சூடான காற்றுக்கும் போக வழி கிடையாது. கறுப்பு டேஷ்போர்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

இதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். 2005-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த இதமான நாளில்கூட மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை போயிருக்கிறது. ஏறிய சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ‘ஜன்னலில் இடைவெளி விட்டிருக்கிறேன்’ என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

நிழல் என்றால்? 2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கொளுத்தும் வெயில் நாட்களில் சோதித்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டியரிங் 53, சீட் 51. நிழலில் நின்றவற்றில் சீட் 41 டிகிரி. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டார்கள். வெயிலில் நின்ற காரில் சுமார் ஒரு மணி நேரத்திலும், நிழலில் நின்ற காரில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் உடல் சூடு உயிருக்கு ஆபத்தான அளவைத் தொட்டுவிடும். நிழல் கொடுப்பது கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நமக்கு வெறும் புழுக்கமாகத் தோன்றும் நேரத்திலேயே குழந்தைக்கு ஆபத்து நெருங்கிவிடும்.

அடுத்தது என் தொழிலுக்கே வரும் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ‘எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்’ என்று தைரியமாகச் சொல்கிறார்கள். கார் ஏசி நன்றாக வேலை செய்வது கார் ஓடும்போது. ஏசி உள்ளேயிருந்து இழுத்த சூட்டை வெளியே விடும் பாகம் கன்டென்சர். எதிர்க்காற்று முன்னால் இருக்கும் அந்தக் கன்டென்சர் மேல் அடித்து அதன் சூட்டை எடுத்துப்போகும். நின்ற வண்டிக்கு அந்தக் காற்று இல்லை. ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேன் மோட்டார் பழசாகியிருக்கலாம், ஒரு ஃபியூஸ் போகலாம், ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் குட்டி ஸ்விட்சான ரிலே மக்கர் செய்யலாம். அப்போது ஏசி கேஸின் பிரஷர் ஏறும். ஏறினால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைப் பிரஷர் ஸ்விட்ச் கட் செய்துவிடும். கம்ப்ரசர் வீணாகக் கூடாது என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், புளோயர் சுற்றிக்கொண்டிருக்கும், ஏசி லைட்கூட எரிந்துகொண்டிருக்கும். வருவது மட்டும் சூடான காற்று.

‘ரோட்டில் போகும்போது ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் குளிர்வதில்லை’ என்று சொல்லிக்கொண்டு வராத வாடிக்கையாளர் குறைவு. சிக்னலில் எரிச்சலோடு போய்விடும் அந்தக் கோளாறுதான் உள்ளே பூட்டிவைத்த நாய்க்கு எமன். அப்படி ஒருவர் வந்தார். நாயைப் பின் சீட்டில் விட்டு, ஏசியைப் போட்டு, வேலையாகப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது உள்ளே அனல். நாய் எச்சில் வழியக் காலை நீட்டிக் கிடந்திருக்கிறது. உடனே மருத்துவரிடம் தூக்கிப்போனதால் பிழைத்தது. கம்ப்ரசர் போய்விட்டது என்று நினைத்து வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். கம்ப்ரசரில் ஒன்றும் இல்லை. போனது ஃபேன் ரிலே, சட்டைப் பைக்குள் அடங்கும் சாமான்.

அது தவிர, சில புது வண்டிகள் ஓட்டுநர் இறங்கிக் கொஞ்ச நேரம் ஆனால் எஞ்சினைத் தாமாகவே நிறுத்திவிடும். எஞ்சின் ஓடும் வண்டியில் தனியாக விட்ட குழந்தை கைப்பிரேக்கை எடுத்துவிடலாம். பவர் விண்டோ ஸ்விட்ச்சின் மேல் முட்டி போட்டுக்கொண்டே தலையை வெளியே நீட்டலாம், முட்டி அழுத்திக் கண்ணாடி ஏறினால் கழுத்து மாட்டிக்கொள்ளும். மூடிய கேரேஜுக்குள் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தத் திட்டுக் கடிதங்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1998 முதல் இதற்கென்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சூடான வாகனத்துக்குள் இறந்திருக்கிறார்கள், சராசரியாக வருடத்துக்கு 37 பேர் அளவில். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறந்து விடப்பட்டவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள், நிறுத்திய வண்டிக்குள் தாங்களாகவே ஏறியவர்கள். தெரிந்தே ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று விட்டுப்போனது அதைவிடக் குறைவு. திட்டுவதற்கு வசதியான ஆட்கள் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மறதியைப் பற்றி அமெரிக்காவில் டேவிட் டயமண்ட் என்ற உளவியல் பேராசிரியர் நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறார். தினமும் போகும் வழியில் போகும்போது மூளையின் பழக்கப் பகுதி வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடுகிறது, ‘இன்று குழந்தையை இறக்கிவிட வேண்டும்’ என்ற புதுத் திட்டத்தை அது அமுக்கிவிடுகிறது என்கிறார். தூக்கம் கெட்ட நாளிலும், வழக்கம் மாறிய நாளிலும் இது எளிதில் நடக்கும். குழந்தை சத்தம் போட்டால் ஞாபகம் வரும். தூங்கிவிட்டால்? பின்பக்கம் பார்த்தபடி மாட்டிய குழந்தை சீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்னாலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். ஏர்பேக் குழந்தையைக் காயப்படுத்தும் என்பதால் பின் சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் கண்ணில் படாத இடத்துக்கும் மாற்றிவிட்டோம். ஆகவே கைப்பையையோ போனையோ, இறங்கும்போது இல்லாமல் போக முடியாத ஏதாவது ஒன்றையோ பின் சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வையுங்கள். இடது காலின் செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்பவர்களும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒற்றைச் செருப்போடு யாரும் அலுவலகத்துக்குள் போவதில்லை.

தானாக ஏறிக்கொள்ளும் குழந்தைகளுக்கு வேறு வைத்தியம். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிதானே என்று பூட்டாமல் விடுகிறார்கள். குழந்தைக்கு வெளியிலிருந்து கதவைத் திறந்து ஏறத் தெரியும், உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தவும் தெரியும். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. ஓடும் வண்டியிலிருந்து குழந்தை விழாமல் காக்கும் அதே லாக், நின்ற வண்டியில் பொறி. சைல்டு லாக் எங்கே இருக்கிறது, போட்டிருக்கிறதா என்றே தெரியாமல் வண்டி வைத்திருப்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பின் கதவைத் திறந்து, கதவின் ஓரத்தில் பூட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள், சின்ன நெம்புகோலோ சாவி போட்டுத் திருப்பும் துளையோ இருக்கும். முன் கதவுகளுக்குப் பொதுவாக அந்த லாக் கிடையாது. கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு, மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குத் தாவி வந்து கதவைத் திறக்கவும், முடியாவிட்டால் ஹாரனை விடாமல் அடிக்கவும் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சாவி போடாமலேயே ஹாரன் அடிக்கும். ஒரு நாள் உட்காரவைத்து அடிக்கவிடுங்கள், அவர்களுக்கும் குஷி.

அப்புறம் டிக்கி. அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் மூடிய டிக்கிக்குள் இருட்டில் ஒளிரும் திறப்பான் கட்டாயம். எல்லா நாட்டு வண்டியிலும் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். குழந்தையைக் காணோம் என்றால் தெருவில் தேடுவதற்கு முன்னால் வாசலில் நிற்கும் கார்களையும் அவற்றின் டிக்கிகளையும் திறந்து பாருங்கள்.

நாய்களைப் பற்றி ஒன்று. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூடிய காருக்குள் அதன் மூச்சின் ஈரமே காற்றில் நிறைந்து, இரைப்பதால் பலனில்லாமல் போகிறது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு இன்னும் சீக்கிரம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவது உரிமையாளரின் மனதைத்தான் குளிர்விக்கும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சாவி உள்ளே, குழந்தை உள்ளே, கதவு பூட்டிவிட்டது என்று எனக்குப் போன் வருவதுண்டு. பெரும்பாலும் ரிமோட்டை விளையாடக் கொடுத்திருப்பார்கள், குழந்தை பட்டனை அமுக்கியிருக்கும். போனில் கேட்கும் முதல் கேள்வி, ‘கண்ணாடி உடையாமல் திறக்க முடியுமா?’ முடியும், ஆனால் நான் வந்து சேர வேண்டும், கம்பியை விட்டுத் துழாவ வேண்டும், இந்தக் காலத்துப் பூட்டுகள் லேசில் மசிவதில்லை. சாவியோடு யாரோ பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறது, வண்டி வெயிலில் இல்லை என்றால் நிமிடக் கணக்கில் பொறுக்கலாம். குழந்தை சோர்ந்து, முகம் சிவந்து, அழுகை அடங்கிவிட்டது என்றால் ஒரு நொடிகூட என்னை எதிர்பார்க்காதீர்கள். அழுகை நின்றதைத் தூங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மாற்றுவது ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் வேலை.

எப்படி உடைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடியைத் தொடாதீர்கள், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கவாட்டு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் அடிக்காமல், கீழ் மூலையில், கூர்முனையுள்ள இரும்பால் ஓங்கி அடியுங்கள். சாதாரண பக்கக் கண்ணாடி சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். சில விலை உயர்ந்த வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் படலம் ஒட்டியதாக இருக்கும், ஒன்று மசியவில்லை என்றால் அடுத்ததுக்குப் போங்கள். செலவு குறையும் என்று பின்னாலுள்ள குட்டி முக்கோணக் கண்ணாடியை உடைப்பவர்கள் உண்டு. பல வண்டிகளில் பெரியதை மாற்றுவதைவிட அதை மாற்றுவதுதான் தலைவலி, கையை விட்டுக் கதவைத் திறக்கவும் அது வசதியாக இருக்காது.

வெளியே எடுத்ததும் ஆம்புலன்ஸை அழையுங்கள். நிழலுக்குத் தூக்கிப்போய் உடைகளைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மருந்து இந்தச் சூட்டைக் குறைக்காது என்று என் வாடிக்கையாளரான ஒரு டாக்டர் அழுத்திச் சொன்னார்.

கார் செய்கிறவர்களும் சும்மா இல்லை. பின் கதவு திறந்த கணக்கை வைத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்கும்போது பின் சீட்டைப் பார் என்று எச்சரிக்கும் ஏற்பாடு 2016 வாக்கிலேயே வந்துவிட்டது. இத்தாலியில் 2019 முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச்செல்லும்போது சீட்டில் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஜப்பானில் பள்ளிப் பேருந்தில் விடப்பட்ட குழந்தைகள் இறந்ததையடுத்து, 2023 ஏப்ரல் முதல் அப்பேருந்துகளில் பின்வரிசை வரை நடந்து பார்க்கவைக்கும் பாதுகாப்புக் கருவியைச் சட்டமாக்கினார்கள். ஆனால் இன்று ரோட்டில் ஓடுகிற வண்டிகளில், என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவற்றில், இவையெல்லாம் அபூர்வம்.

அதனால் ஷோரூம்காரர்களிடம் ஒரு கோரிக்கை. புது வண்டியை ஒப்படைக்கும் நாளில் பாட்டுப் பெட்டியையும் புளூடூத்தையும் அரை மணி நேரம் விளக்குகிறீர்கள். அதில் ஐந்து நிமிடம் எடுத்து வாங்குபவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சைல்டு லாக்கைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். திறந்து வெளியே வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் ஏசி மெக்கானிக்