மேசையில் ஏறி அடித்தவர்களுக்கும் பந்து பொறுக்கியவர்களுக்கும்

அன்புடையீர்,

பின்வரிசையில் நின்று எதிரணியின் அடியை எடுப்பதற்கென்றே, அதாவது அடித்த பந்து நிலத்தில் விழாமல் முன்கையால் மேலே எழுப்புவதற்கென்றே, பிள்ளைகளுக்கு நடத்திய கரப்பந்துப் பயிற்சி நிறைவு பெற்றது. அடிக்கப் பழக ஒரு பந்தும் ஒரு மதிலும் போதும். எடுக்கப் பழகுவதற்கோ எதிரில் நின்று அலுக்காமல் அடித்துத்தர ஆள் வேண்டும். அப்படிக் கை கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி மேசையில் ஏறி நின்று அடித்த அண்ணாமாருக்கு. முக்கால் மீற்றர் உயரமான மேசையை வலைக்கு அந்தப் பக்கம் போட்டு அடித்ததால்தான் பந்து உண்மையான ஆட்டத்தில் வருவதுபோல மேலிருந்து சரிந்து வந்தது. பல இடங்களில் பயிற்றுநர் எடுப்பவர் நிற்கும் பக்கத்திலேயே நிலத்தில் நின்று அடிப்பார். அந்தப் பந்து தட்டையாக வரும். பிள்ளையும் முன்கையைச் செங்குத்தாகப் பிடித்துப் பழகிவிடும். பிறகு ஆட்டத்தில் பந்து சரிந்து வரும்போது அதே கை அதனை மேலே எழுப்பாமல் வலையைப் பார்த்துத் தட்டையாக அனுப்பும். எதிரணிக்கு அது இனாமாய்க் கிடைத்த பந்து.

அவர்கள் செய்த இன்னொரு உபகாரம், அடிக்க முன்னர் கையை உயர்த்தி ஒரு கணம் பொறுத்தது. அடிப்பவரின் கை பந்தில் படும் நேரத்தில் எடுப்பவருடைய இரண்டு பாதமும் நிலத்தில் நிலைத்திருக்க வேண்டும்: பாதங்கள் தோளை விட அகலமாக, குதிகால் சற்று எழும்பி, முழங்கால் கால்விரலுக்கு முன்னால், தோள் முழங்காலுக்கு முன்னால். கைகள் பிரிந்தே இருக்க வேண்டும். முன்கூட்டியே கையைக் கோத்துக்கொண்டு நிற்பவரால் பக்கத்தில் வருவதற்கு ஓடவும் முடியாது, முகத்துக்கு வருவதை விரல்களால் மேலே எடுக்கவும் முடியாது. ஓடிக்கொண்டே எடுக்கப் பார்த்தவர்களின் பந்துதான் அதிகமாகச் சிதறியது.

பக்கவாட்டில் நின்று “தோள்! தோள்!” என்று தொண்டை வற்றக் கத்திய அக்காவை மறக்க மாட்டோம். இடப்பக்கம் வரும் பந்துக்கு வலத்தோள் தாழ வேண்டும். அப்போதுதான் முன்கைகள் இரண்டும் சேர்ந்த அந்தப் பலகை மைதானத்தின் நடுவைப் பார்த்துச் சாயும். தோளைத் தாழ்த்தாமல் கையை மட்டும் வீசினால் பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். பந்து படவேண்டிய இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள சதைப்பிடிப்பு. கட்டைவிரல்கள் சமாந்தரமாக நிலத்தைப் பார்க்க, முழங்கை மடங்காமல். வேகமான பந்துக்குக் கையை ஆட்டவே கூடாது, வேகம் ஏற்கனவே பந்தில் இருக்கிறது. தோளைச் சற்றுப் பின்வாங்கி அதனைத் தணித்தால் போதும். மெல்ல விழும் பந்தை மட்டும் காலால் எழும்பித் தள்ளலாம்.

சைக்கிள் கடை ஐயாவுக்குத் தனியாக ஒரு வரி. காற்று அளக்கும் மானியைத் தந்து, எங்கள் பந்துகள் எல்லாம் கல்லுப்போல இருப்பதைக் காட்டியவர் அவர்தான். விதிப்படி காற்றழுத்தம் 4.26 முதல் 4.61 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரைதான் இருக்கலாம். சைக்கிள் ரயருக்கு அடிக்கிற கொம்பிறசரில் அது ஒரு நொடியில் தாண்டிவிடும். அளவுக்கு மிஞ்சிக் காற்றடித்த பந்து கையில் பட்டுத் துள்ளும், முன்கை சிவக்கும், பிள்ளை அடுத்த பந்துக்குக் கண்ணை மூடும். பயந்த பிள்ளை என்று நாங்கள் நினைத்த சிலருக்குக் காற்றுக் குறைந்ததும் பயமும் குறைந்தது.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றி வந்தவருக்கும், பின்னேரம் மூன்று மணிக்கே கிணற்றுத் தண்ணீரைக் குழாயால் தெளித்துத் தந்த வீட்டாருக்கும் நன்றி. நம்முடைய செம்மண் காய்ந்தால் தோலை உரிக்கும், கூட நனைந்தால் வழுக்கும். ஒன்றரை மணித்தியாலம் ஊறினால்தான் சரியான பதம். பாயப் பழகியது மணலில். ஒரு காலை நீட்டி வைத்து, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி, கைகளை முன்னே நீட்டி, நாடியை உயர்த்தி, நெஞ்சாலும் வயிற்றாலும் வழுக்க வேண்டும். முழங்காலைத் திருப்பாதவர் முழங்காற் சிரட்டையில் விழுவார். பழைய ஸ்பொஞ்சில் முழங்கால் உறை தைத்துத் தந்த அம்மாமார் அந்த வலியைப் பாதியாக்கினார்கள்.

நடுவர் ஐயா வந்து விளக்கியது அரை மணித்தியாலம்தான், ஆனால் பெறுமதியானது. முதல் தொடுகையில் ஒரே முயற்சிக்குள் பந்து இரண்டு இடத்தில் பட்டாலும் குற்றமில்லை, கால் பட்டாலும் குற்றமில்லை. வலையருகே எழும்பித் தடுப்பவர் கையில் பட்டது மூன்று தொடுகைக்குள் அடங்காது. இதுவரை விசிலுக்குப் பயந்தே பலர் பந்தை விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, பந்து பொறுக்கிய தம்பி தங்கச்சிமார். பன்னிரண்டு பந்து, நாலைந்து நொடிக்கு ஒரு அடி. ஒரு பந்து காலடியில் உருண்டு கிடந்தாலும் கணுக்கால் பிரளும்; ஒன்றுகூடக் கிடக்கவில்லை. நல்ல எடுப்பை எண்ணியதும் அவர்களே. வலையை விட உயர்ந்து, வலையிலிருந்து மூன்று மீற்றரில் உள்ள கோட்டை ஒட்டி நடுவில், செற்றர் (அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர்) ஓடாமல் தொடக்கூடிய இடத்தில் இறங்கினால் ஒன்று. பத்து வந்தால்தான் ஆள் மாறலாம். ஒன்பதில் நின்றவர்களுக்கு அவர்கள் ஒரு சொட்டு இரக்கமும் காட்டவில்லை, அதற்கும் நன்றி.

மேசையின் ஒரு கால் ஆடத் தொடங்கியிருந்தது. ஆப்பு வைத்து இறுக்கிச் சனசமூக நிலையத்தில் திருப்பி வைத்துள்ளோம். மணலை அள்ளவில்லை. பாய்ந்து பழக விரும்பும் பிள்ளைகள் பின்னேரங்களில் வரலாம். தண்ணீர்க் குழாய் வேலிக் கதியாலில் தொங்குகிறது.

கரப்பந்துப் பயிற்சிக் குழுவினர்,
யாழ்ப்பாணம்.