சைக்கிளுக்குச் செலவழிப்பதா, காலுக்குச் செலவழிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை சைக்கிள் வாங்கி ஓராண்டு ஓட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் 40,000, 50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை எடை குறைந்த கார்பன் வீலில் போடலாமா, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர், வீட்டுக்குள் ஓட்ட உதவும் ட்ரெய்னர் போன்ற பயிற்சிக் கருவிகளில் போடலாமா என்று தெரியவில்லை. தங்கள் ஞாயிறு இணைப்பில் எடை குறைந்த பாகங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகிறவர் தவறான இடத்தில் பணத்தைப் போட்டுவிடுவார் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மலைப்பாதையில் 1 கிலோ குறைத்தால் மிச்சமாவது சுமார் 40 விநாடி. அந்த 1 கிலோவைக் குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதே மலையை 200 வாட் சக்தியோடு ஏறுபவர் பயிற்சியால் 210 வாட்டுக்கு வந்துவிட்டால் இரண்டரை நிமிடத்துக்கு மேல் மிச்சம். சமதளத்திலோ எடைக்கு அநேகமாக வேலையே இல்லை. அங்கே எதிரி காற்று. 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 33-க்குப் போக, காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். காற்று மோதுவதில் பெரும்பங்கு சைக்கிள் மீதல்ல, நம் உடம்பின் மீது. பல நாள் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1989 போட்டியில், கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். கைகளை முன்னால் நீட்டிக் குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பாரோடு 24.5 கிலோமீட்டர் ஓட்டி, முன்னிலையில் இருந்த லாரன் ஃபினோனை மொத்த நேரத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அன்று அவருடைய கால்களோடு சேர்ந்து வேலை செய்தது உட்காரும் நிலை.

ஆகவே முதல் செலவு உட்காரும் நிலைக்கு. பல சமயம் அதற்குக் காசே தேவையில்லை. வெறுங்காலில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காருவதுபோல் நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். 80 செ.மீ. வந்தால் அதை 0.883-ஆல் பெருக்குங்கள்: 70.6 செ.மீ. பெடல் கைகளான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் கம்பியை ஒட்டி அளந்தால் வர வேண்டிய உயரம் இது. இது தொடக்கப் புள்ளிதான். இங்கிருந்து 2, 3 மில்லிமீட்டராக மாற்றிப் பார்க்க வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் உயரம். முழங்கால் வலியோடு பயிற்சிக் கருவி வாங்குவது வலியை வேகமாக வளர்க்கும் வேலை.

அடுத்தது டயர். குறைந்த விலை சைக்கிள்களோடு வரும் கம்பி விளிம்பு டயருக்கும் நல்ல மடிப்பு டயருக்கும் 30 கிலோமீட்டர் வேகத்தில் இரு சக்கரமும் சேர்த்து 10 முதல் 20 வாட் வரை வித்தியாசம் வரும். வேறு எந்தப் பாகமும் இந்த விலைக்கு இவ்வளவு தராது. காற்றைக் கல் மாதிரி அடித்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. நம் சாலைகளில் அது தலைகீழ்: சக்கரம் துள்ளித் துள்ளிச் சக்தியை வீணாக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 65 முதல் 70, பின்னால் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. போதும். நெடுஞ்சாலையில் பல பஞ்சர்களுக்குக் காரணம் ஆணியல்ல. வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும், முடி அளவே உள்ள எஃகுக் கம்பித் துண்டு. டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உட்புறம் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். சிறு இடுக்கியால் பிடுங்கிவிட்டுப் பிறகு டியூப் போடுங்கள்.

செயினைச் சாதாரண ஸ்கேலாலேயே சோதிக்கலாம். புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 பின் தள்ளியுள்ள பின்னின் மையம்வரை சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டிருந்தால் தேய்மானம் 0.5 சதவீதம். 11, 12 கியர் செயினை அப்போதே மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களையும் அது தின்றுவிடும். கேசட்டின் விலை செயினைப்போல் சில மடங்கு.

மலை ஏறுபவர்களுக்கு இன்னொரு பாகம் பவர் மீட்டருக்கும் முன்னால் வர வேண்டும். முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்றால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கக் குறைந்தது 10.7 கிலோமீட்டர் வேகம் தேவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகம் எல்லோருக்கும் வராது. சுற்று 50-க்கு இறங்கும், முழங்கால் பாரத்தைச் சுமக்கும். பின்னால் 34 பல் உள்ள கேசட் போட்டால் அதே 70 சுற்றுக்கு 8.8 கிலோமீட்டர் போதும். ஆனால் கேசட்டை மட்டும் வாங்கிவந்து மாட்டக் கூடாது. செயினை நகர்த்தும் பின் டிரெய்லியர், கீழே தொங்கும் கை குட்டையான வகை என்றால் பெரும்பாலும் 28 அல்லது 30 பல்வரைதான் தாங்கும். 34-க்கு நடுத்தரக் கை வேண்டும். செயினின் நீளமும் கூட வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டு, முன்னும் பின்னும் பெரிய பல்லுக்கு ஒரே நேரத்தில் மாற்றினால் டிரெய்லியர் முறிந்து ஸ்போக்குக்குள் போய்விடும். மாட்டி முடித்ததும் ஸ்டாண்டில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றி அந்த நிலையைச் சோதித்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் பயிற்சிக் கருவி. அதிலும் மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டைதான் முதலில். கைக்கடிகாரத்தில் ஒளியால் அளக்கும் சென்சார், ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பதாலும் சாலை அதிர்வாலும் தடுமாறும். சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு மிதிக்கும் சுற்றையே எண்ணிக் காட்டும். பட்டையின் உட்புறத்தை நனைத்துக் கட்டுங்கள், வந்ததும் உப்புப் போகக் கழுவுங்கள்.

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். குளிர் நாடுகளில் எழுதப்படும் அறிவுரைகள், ஆரம்பத்தில் இருப்பவருக்கு இதயத் துடிப்பே போதும் என்கின்றன. கடலோரச் சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அது பாதி உண்மைதான். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் இறங்குகிறது, ஆகவே அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கிளம்பும்போது 150 வாட்டுக்கு 140 துடிப்பு இருந்தவருக்கு, இரண்டு மணி நேரம் கழித்து அதே 150 வாட்டுக்கு 155 ஆகலாம். துடிப்பை மட்டும் பார்ப்பவர் வேகத்தைக் குறைப்பார், தன் பலம் குறைந்துவிட்டதாக நினைத்து வருந்துவார். துடிப்பு ஏறுவது உடல் சூட்டைப் பற்றிய உண்மையான எச்சரிக்கை; அதை மதித்து நீர் குடிக்க வேண்டும், தேவையானால் நிறுத்த வேண்டும். ஆனால் கால் எவ்வளவு வேலை செய்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது பவர் மீட்டர். வெயில் ஊரில் ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்குப் பவர் மீட்டர் ஆடம்பரம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

வாங்குபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இடது கிராங்கில் மட்டும் அளக்கும் வகை விலை குறைவு. அது இடது காலின் அளவை இரட்டிப்பாக்கிக் காட்டும். இடது கால் 48 சதவீதம்தான் தள்ளுகிறது என்றால், உண்மையான 200 வாட் 192 என்று தெரியும். தினமும் அதே கருவியில் தன்னோடு தன்னை ஒப்பிடுபவருக்கு இது பெரிய குறை இல்லை. காயத்திலிருந்து மீள்பவர் மட்டும் இரு பக்கமும் அளக்கும் வகையை நாடலாம். பெடல் வகையில் கிராங்க் நீளத்தைச் சரியாகப் பதிய வேண்டும், 170 மி.மீ.க்குப் பதில் 172.5 என்று விட்டால் எல்லா எண்களும் ஒன்றரை சதவீதம் கூடும். ஏ.சி. அறையிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்ததும் பூஜ்ஜிய அளவு எடுப்பது, அதாவது மிதிக்காத நிலையைப் பூஜ்ஜியமாகக் கருவிக்குப் பதிவது, பொதுவான தவறு. வெளிவெப்பத்துக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு எடுங்கள்.

பவர் மீட்டரை மாட்டிவிட்டுப் பழையபடியே ஓட்டினால் அது விலை உயர்ந்த அலங்காரம். நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, அதிகாலையில், தடையில்லாத சாலையில் 20 நிமிடம் முழுமுயற்சியில் ஓட்ட வேண்டும். சராசரி 220 வாட் என்றால் அதில் 95 சதவீதம், அதாவது 209 வாட், உங்கள் எல்லைச் சக்தி: ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய சக்தி. முதல் ஐந்து நிமிடத்தில் பாய்ந்துவிட்டுக் கடைசியில் தொய்வதால்தான் பலருக்கு இந்தச் சோதனை கெடுகிறது. நீண்ட ஓட்டங்களை இந்த எண்ணின் 56 முதல் 75 சதவீதத்துக்குள் வைத்து, வாரம் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் 90 சதவீதத்தை ஒட்டி இரண்டு முறை 20 நிமிடம் ஓட்டினாலே ஆறேழு வாரத்தில் மறுசோதனை வேறு எண்ணைக் காட்டும். வாரத்துக்கு மூன்று நாள்கூட ஒதுக்க முடியாதவர் இதை வாங்க வேண்டாம்.

வீட்டுக்குள் ஓட்டும் ட்ரெய்னர், விடியுமுன் வேலைக்குக் கிளம்புபவருக்கும், லாரிப் போக்குவரத்துக்கு அஞ்சுபவருக்கும் வரம். ஆனால் மின்விசிறிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பெடலில் 200 வாட் வர, உடம்பு சுமார் 700 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஏறக்குறைய ஓர் இஸ்திரிப் பெட்டி. எதிர்க்காற்று இல்லாத அறையில் அது போக வழியில்லை. முகத்துக்கு நேரே தரையில் நிற்கும் பெரிய விசிறி இல்லையென்றால் இருபதே நிமிடத்தில் சக்தி சரியும். சொட்டும் வியர்வை, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளைத் துருவாக்கும், ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துண்டை மேலே விரியுங்கள், மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் துடையுங்கள். பின் சக்கர அச்சு பழைய 130 மி.மீ. குயிக் ரிலீஸா, 12 மி.மீ. தடித்த அச்சா என்று பார்த்து அதற்கான இணைப்பையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கார்பன் வீல் கடைசியில். காற்றைக் கிழிப்பதற்காக இதில் வரும் உயர ரிம்மின் பலன் வேகம் கூடக் கூடத்தான் தெரியும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காக ஓடுவதால் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். எடை குறைந்தவர்களின் முன் சக்கரத்தை அது உதறும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரெவேயில் 200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம்; ஓய்வையும் சேர்த்துச் சராசரி 15 கிலோமீட்டருக்கும் குறைவு. அவருக்கு வேண்டியது பொருந்தும் சீட், நம்பகமான விளக்கு, நல்ல டயர்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் விற்கும் நாளிலேயே வாங்குபவரின் கால் அளவை எடுங்கள். மலைக்குப் போவீர்களா என்று கேளுங்கள். கேசட்டையும் டயரையும் புதுச் சைக்கிளில் அன்றே மாற்றிக் கொடுத்தால் வாங்குபவர் வித்தியாசத் தொகையை மட்டும் கட்டினால் போதும். ஆறு மாதம் கழித்து வந்தால் முழு விலை கொடுக்க வேண்டும், கழற்றிய பாகமும் அவர் வீட்டு மூலையில் கிடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை