ரப்பர் மரக் கட்டிலும் இரண்டு விரல் இடைவெளியும்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைக்குக் கட்டிலைக் கடையில் வாங்குவதா, ஆசாரியிடம் சொல்லிச் செய்வதா என்று கேட்டிருந்தாய். பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்வதும் தெரியும். அவர்களோடு மல்லுக்கட்டாதே. இப்போதே செய்யச் சொல், பட்டறையிலேயே கிடக்கட்டும். பெயிண்ட் வாடை போவதற்கும் அந்த நாட்கள் வேண்டும்.

இங்கே ‘பேபி காட்’ என்று கேட்டால் பெரும்பாலும் ரப்பர் மரக் கட்டிலைத்தான் காட்டுவார்கள். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. தோட்டத்தில் 25, 30 வருஷம் பால் வெட்டிய பிறகு மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது அடுப்புக்குத்தான் போனது. இப்போது அந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வருகிறது. சாய்ந்த பால்மரம் நாற்காலி, மேசை, தொட்டில் என்று கப்பலேறுகிறது. நம் பக்கம் வருவது கேரளத்து ரப்பர் மரமாகவும் இருக்கலாம். சரக்கு ஒன்றுதான்.

மட்டமான மரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பக்குவம் செய்யாததுதான் மட்டம். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். தாமதித்தால் பூஞ்சணத்தால் நீலக் கறை பாயும், வண்டு துளைக்கும். கடையில் கட்டிலைக் கவிழ்த்துப் பார். அடிச்சட்டத்தில் பெயிண்ட் படாத இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் மைதா மாவு போன்ற தூளும் இருந்தால் வேண்டாம். போரான் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கழுவக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

ஆசாரி செய்வதென்றால் நன்றாகக் காய்ந்த வேம்பு நல்லது. பழைய கதவு நிலைத் தேக்கு மலிவாகக் கிடைத்தாலும் பெயிண்ட் பூசியிருந்தால் ஒதுக்கிவிடு. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசியாகப் பறக்கும். 2017 நவம்பரிலிருந்து இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது. டப்பாவில் அதைப் பார்த்து வாங்கு. பல் முளைக்கும்போது பிள்ளை முதலில் கடிப்பது மேல்சட்டத்தைத்தான்.

பக்கங்களில் நிற்கும் ரீப்பர் குச்சிகளின் இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது. 6 செ.மீ.க்கு மேல் போனால் உடம்பு நழுவி வெளியே வந்து தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். 4.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் கால் சிக்கும். ஒவ்வொரு ரீப்பரையும் பிடித்துத் திருகிப் பார். இம்மியும் அசையக் கூடாது. கழுந்து, அதாவது ரீப்பரின் செதுக்கிய முனை, துளையில் முழுதாக இறங்கிப் பசையும் போட்டிருந்தால் அசையாது. ஆணி மட்டும் அடித்திருந்தால் ஆறே மாதத்தில் ஆடும். குறுக்கே ரீப்பர் வேண்டாம், ஏணியாகிவிடும். மூலைக் கால்கள் மேல்சட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்து. அரைஞாண் கயிறோ கழுத்துச் சங்கிலியோ மாட்டும். தலைமாட்டில் பூ வேலைப்பாடு வேண்டும் என்று கேட்பார்கள். இங்கே மலிவான கட்டிலுக்கும் விலை கூடிய கட்டிலுக்கும் பல நேரம் அந்தப் பூவேலைதான் வித்தியாசம். ஓட்டை உள்ள பூவேலையில் தலையும் மாட்டும்.

ஒரு பக்கம் கீழே இறங்குகிற கட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே. அமெரிக்காவில் 2011இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். கொக்கி தேய்ந்து பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்தால் போதும், குழந்தை மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விழுந்து மூச்சடைக்கும்.

மாட்டும்போது சட்டங்களை மரத்தில் நேரடியாகத் திருகும் ஸ்குரூவால் இணைக்கக் கூடாது. இரண்டு முறை கழற்றி மாட்டினால் ஓட்டை அகன்றுவிடும். போல்ட்டும் உருளை நட்டும்தான் வேண்டும். நட்டின் முகத்தில் ஒரு கோடு இருக்கும். அது போல்ட் வரும் திசைக்கு நேராக நிற்கட்டும். போல்ட்டை நுழைத்து முதலில் இடப்பக்கமாகத் திருப்பு. ‘டக்’ என்று விழும், அதன்பின் வலப்பக்கம் திருகு. இப்படிச் செய்யாமல் முடுக்கினால் மரை குதறிவிடும், பிறகு எந்த ஆலன் கீயும் உதவாது. எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி முடித்த பிறகு, எதிர்மூலை மாற்றி எதிர்மூலை இறுக்கு. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை இறுக்க வேண்டும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குவது மரத்தின் குணம்.

மெத்தை கெட்டியாக இருக்கட்டும். இலவம் பஞ்சு வேண்டாம், முகம் புதையும். கைவிட்டு அழுத்தி எடுத்தால் உடனே நிமிர வேண்டும். அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனால் பொருந்தாத மெத்தை. அடியில் பலகை அடைக்காமல் ரீப்பரே இருந்தால் காற்றோட்டம் கிடைக்கும்; இங்கத்து ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிப்பது பலகை மேல்தான். கட்டிலோடு தலையணையும் இரண்டு நீளத் தலையணையும் இனாம் தருவார்கள். வாங்கிக்கொள், கட்டிலில் மட்டும் போடாதே. முதல் வருஷம் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், பக்கத்தில் ஒன்றும் கூடாது.

இங்கே வீட்டுக்கு வீடு ஸ்பிரிங்கில் தொங்குகிற சாரோங் (கைலி) தொட்டில் உண்டு. நம் சேலைத் தூளி மாதிரிதான். ஆள் பக்கத்தில் இருந்து ஆட்டுவதற்குச் சரி. இரவு முழுக்க விடுவதற்கு இல்லை. கொசுவலை கட்டிலுக்கு வெளியே இறுக்கமாக நிற்கட்டும், உள்ளே தொங்கக் கூடாது.

ஆசாரிக்கு அளவு: மெத்தை 60க்கு 120 செ.மீ., கனம் 10. உள்ளளவு 61க்கு 121. படுக்கைத் தளத்துக்கு இரண்டு உயரம் வை. கீழே இறக்கினால் தளத்திலிருந்து மேல்சட்டம் வரை 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பிள்ளை எழுந்து உட்கார ஆரம்பித்ததும் கீழே இறக்கிவிடு. பிள்ளையின் உயரம் 90 செ.மீ. ஆனதும் இந்தக் கட்டிலில் படுக்க வைக்காதே.

மெத்தையை முதலில் வாங்கி, அதை வைத்து அளந்து கட்டிலைச் செய்யச் சொல். மாற்றிச் செய்தால் அந்த இரண்டு விரல் இடைவெளி வந்துவிடும். மெத்தையும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பட்டறையிலேயே இருக்கட்டும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளை வீட்டுக்கு வருகிற அன்று அந்த உறையைக் கட்டாயம் உரித்து எறிந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்