இரண்டு ஒக்டோபர் 30

ஆசிரியர் அவர்களுக்கு,

போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் கூட்டமாக ஊரைவிட்டுப் போன வலிகாமம் இடப்பெயர்வை நினைவுகூர்ந்து போன வாரம் நீங்கள் வெளியிட்ட இணைப்பிதழை ஒரு வரி விடாமல் வாசித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு கொக்குவிலில் இருந்து நடந்து நாவற்குழிப் பாலம் தாண்டிய சனத்தில் நானும் ஒருத்தி. எழுதியவர்கள் எல்லாரும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்கள். குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பருக்கியதை வாசித்தபோது அழுதுவிட்டேன். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. நானும் அப்படித்தான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆனால் அதே திகதியில் ஐந்து வருடம் முந்தி நடந்த ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் சனம் முழுவதையும் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் தவணை கொடுத்து வெளியேற்றினார்கள். ஒலிபெருக்கியில் சொல்லி, ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, அங்கே வைத்துப் போகச் சொன்னார்கள். வடக்கு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். புத்தளம் பக்கத்து முகாம்களில் அவர்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். உங்கள் இணைப்பிதழில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எனக்குக் கலியாணம் பேசித் தை மாதத்துக்கு நாள் வைத்திருந்தது. ஐந்து சந்திக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை. அங்கே இருந்த முஸ்லிம் தையல்காரரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவரிடம்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தைப்பது. இரண்டு சாறி பிளவுசுக்குத் துணி கொடுத்திருந்தேன். "புதன்கிழமை வாங்கோ தங்கச்சி, கொளுக்கி மட்டும்தான் மிச்சம்" என்றார். முதல் நாள் செவ்வாய்க்கிழமைதான் ஒக்டோபர் 30. அன்று பின்னேரமே அவர்களை வெளியேற்றின கதை வந்துவிட்டது. நான் நம்பவில்லை. புதன் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சந்தியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் தெரு வெறிச்சென்று கிடந்தது. கோழிகள் மட்டும் நடு றோட்டில் நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த வீடுகளிலும் கடைகளிலும் எடுத்த சாமான்கள் கொஞ்ச நாளில் விற்பனைக்கு வந்தன. அலுமாரி, கதிரை, பாத்திரம், கதவு நிலை, எல்லாம். எங்கள் சனம் வாங்கினது. என் அம்மாவும் வாங்கினா, ஒரு கால்மிதித் தையல் மெசின். சீதனத்தில் மெசின் தருவதாக முதலே பேசியிருந்தார்களாம், புதிது வாங்கக் காசு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து லாச்சியை இழுத்துப் பார்த்தேன். நீலச் சோக்குத் துண்டு ஒன்று, வெள்ளை நூல் கட்டை ஒன்று, சிகரெட் பெட்டி அட்டையில் பென்சிலால் எழுதிய அளவு ஒன்று. "நீளம் 22, தோள் 11." ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையாகத்தான் இருக்க வேண்டும். யாருடைய மெசின், யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாது. அம்மா அந்த அட்டையை அடுப்புக்குள் போட்டுவிட்டா.

இயக்கம், அதாவது புலிகள், செய்ததற்கு நாங்கள் என்ன செய்வது என்று எங்களில் நிறையப் பேர் சொல்வார்கள். வாய் திறக்கப் பயம் இருந்தது, சரி. நானும் பயந்தவள்தான். ஆனால் மெசினுக்குக் காசு எண்ணிக் கொடுக்கச் சொல்லி எங்களை யாரும் வற்புறுத்தவில்லையே.

ஐந்து வருடம் அந்த மெசினில் தைத்தேன். மின்சாரம் இல்லாத காலம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கூடக் கிடைக்காது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரியை எடுத்துக் கொளுத்தினால், ஊசி இறங்கும் இடம் மட்டும் தெரியும். மெசின் எண்ணெய் இல்லாமல் தேங்காயெண்ணெய் விட்டேன். அது பிசின் மாதிரி இறுகிப்போய், கழற்றித் துடைக்க இரண்டு நாள் எடுத்தது. அக்கம்பக்கத்துக்குத் தைத்த கூலியில்தான் மகனுக்குப் பால்மா வாங்கினேன். இடம்பெயர்கிறபோது உடுப்புக் கட்டின உரப்பைக்குக் காது வைத்துத் தைத்ததும் அதே மெசினில்தான்.

1996இல் திரும்பி வந்தோம். கதவுகள் இல்லை. மெசினின் தலையைக் காணோம். இரும்புக் கால் மட்டும் கிணற்றடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த "நீளம் 22" ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முந்தின ஐந்து வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2002 சமாதான காலத்தில், முஸ்லிம் சனம் இருந்த சோனகதெருப் பக்கம் போனேன். கூரை இல்லாத சுவர்கள், அறைக்குள் பூவரச மரம். புத்தளத்தில் இருந்து வளவு பார்க்க வந்த வயதான ஒருவர் சிவப்புச் சீமெந்து நிலத்தைக் காலால் தட்டித் தட்டித் தன் வீட்டை அடையாளம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "கிணத்துத் தண்ணி இப்பவும் உப்புத்தானா தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்றேன். மெசினைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் தந்த பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஒக்டோபர் 30 இணைப்பிதழில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் போடுங்கள். 1990ஐ ஒரு பெட்டிச் செய்தியாக ஓரத்தில் வைக்காமல், போனவர்களிடமே கேட்டு எழுதுங்கள். திரும்பி வந்து ஓடு போட வழியில்லாமல் வாடகை வீட்டில் இருப்பவர்கள் நகரத்திலேயே இருக்கிறார்கள். அப்புறம், என்னைப் போல வாங்கினவர்களும் எழுதட்டும். பெயர் போட வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் எழுதட்டும்.

அந்த இரும்புக் கால் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது பக்கச் சில்லில் ஒரு கம்பி உடைந்து பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறது. மிதிபலகையின் இடது மூலை தேய்ந்து பளபளக்கிறது. 1990இல் அப்படியொரு மெசினை விட்டுப் போனவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அலுவலகத்தில் விசாரிக்கட்டும். என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகி