ஒரு பழைய விமானத்தை எங்கள் ஊரிலும் நிறுத்துங்கள்

வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கும், இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கும், அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத்தளத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஓய்வு பெற்ற ராணுவ விமானம் ஒன்று எங்கள் பழைய வடஆற்காட்டு மண்ணில் நிற்க வேண்டும். டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற யாரும், அனுமதிக் கடிதம் எதுவும் இல்லாமல், இறக்கைக்குக் கீழே போய் நின்று பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமான நிலையம். அப்துல்லாபுரத்தின் கதையையும் அரக்கோணத்தின் கதையையும் அந்த விமானத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இதைத்தான் கேட்கிறேன், மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

அரக்கோணத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு டியு-142 என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், அதன் சத்தம் கட்டாயம் தெரியும். நான்கு இன்ஜின், ஒவ்வொரு இன்ஜினுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர், அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சுற்றலில் புரொப்பல்லர் தகடுகளின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடும் என்பதால்தான் அப்படி ஒரு உறுமல். தலைக்கு மேல் போனால் வீட்டில் பேச்சு தானாக நிற்கும், கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 50 மீட்டர். புரொப்பல்லர் விமானங்களில் இவ்வளவு வேகமாகப் பறந்தது உலகத்திலேயே இந்தக் குடும்பத்து விமானம்தான். 1988-இல் கோவாவுக்கு வந்து சேர்ந்து, 1992 மார்ச் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ராஜாளியைத் தொடங்கி வைத்த அதே ஆண்டில் அரக்கோணத்துக்குக் குடி வந்தவை இவை. இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கண்காணித்த வேலை, நம்முடைய நெல் வயலுக்கும் மாந்தோப்புக்கும் நடுவிலிருக்கிற, 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த ஓடுதளத்திலிருந்துதான் நடந்தது. 29 ஆண்டுகள், சுமார் 30,000 மணி நேரம், ஒரு விபத்து இல்லாமல். 2017 மார்ச் 29 அன்று அங்கேயே விடை கொடுத்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போய், பிரித்து எடுத்துச் செல்லப்பட்டு, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டப்பட்டு, 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எதிரே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், இந்தப் பக்கம் விமானம், நடுவில் குடும்பம் குடும்பமாக ஜனம். இன்னொன்று கொல்கத்தா நியூ டவுனுக்குப் போய் அங்கேயும் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்கள், கடற்படை கொடுத்தது, நன்றாகச் செய்திருக்கிறார்கள், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த விமானங்கள் குடியிருந்த பழைய வேலூர் மாவட்டத்தில், அவற்றின் சத்தத்தோடு கால் நூற்றாண்டு வாழ்ந்த சனங்கள் போய்ப் பார்க்க ஒரு சக்கரம்கூட வெளியில் இல்லை. ராஜாளிக்குள் எதை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் அது காவல் உள்ள தளம், எங்கள் பிள்ளைகள் காம்பவுண்டு சுவரைத்தான் பார்க்க முடியும். பாதுகாப்புக் காரணம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் வாயிலுக்கு வெளியே கேட்கிறேன்.

ராணுவத்தோடு வேலூருக்கு என்ன பந்தம் என்று வெளியூர் அதிகாரிகள் யாராவது கேட்டால், ஊருக்குள் இருக்கிற மணிக்கூண்டுக்கு ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டே வரிதான். அன்றைக்கு யாரோ அந்த இரண்டு வரியை வெட்டி வைத்ததால்தான் இன்றைக்கு அந்த எண்ணிக்கை நமக்குத் தெரிகிறது. கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போனால் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர், இருப்பவர், போகத் தயாராகிறவர். ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்குப் பேர். இப்படிப்பட்ட மாவட்டத்தில் கோட்டையைப் பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 1806 புரட்சியைச் சொல்லிக் கொடுக்கிறோம், அதற்குப் பிறகு நடந்ததைக் காட்ட நம்மிடம் அந்தக் கல்லைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை.

இப்போது பழைய தளங்களுக்கு வருகிறேன், எனக்கு விமானத்தைவிட இதில்தான் கவலை அதிகம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் அந்தமான் போனது, ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன, சென்னையே காலியானது. அந்தப் போர்க்கால அவசரத்தில் தமிழ்நாடு முழுக்க ஓடுதளங்கள் வேண்டியிருந்தன. அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு எல்லாம் அந்தப் போர்க்காலத்தவை. ஜல்லி உடைத்ததும் மண் சுமந்ததும் அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும்தான். போர் முடிந்ததும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாகப் போயிற்று. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடந்தன, அதனாலேயே அந்தப் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது, ஆனால் அது போர்க்கால விமானத்தளம் என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? உளுந்தூர்பேட்டை ஓடுதளம் விமானமே இறங்காமல் கிடந்தது. அரக்கோணம் மட்டும் கடற்படை கைக்குப் போய் மறுபிறவி எடுத்தது.

அப்துல்லாபுரமும் வெள்ளைக்காரர் காலத்துத் தளம்தான். நெடுங்காலம் சும்மா கிடந்தது, நடுவில் கொஞ்ச காலம் விமானம் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்து ஓடுதளத்தைப் புதுப்பித்துச் சிறிய முனையமும் கட்டினார்கள். சின்ன விமானம் வரட்டும், நிறைய வரட்டும், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு அதைவிட உதவி வேறில்லை, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. என் கோரிக்கை வேறு. புதிதாகக் கட்டும்போதும் விரிவாக்கும்போதும் பழையது சத்தமில்லாமல் போய்விடும். ஒரு பழைய தளத்தில் மிஞ்சுவது ரொம்பச் சாதாரணமான பொருட்கள்: ஓரத்தில் பெயர்ந்து கிடக்கும் காங்கிரீட் பாளம், ஒரு வடிகால், எதற்குக் கட்டினார்கள் என்று மறந்துபோன ஓர் அறை, எல்லைக் கல். புல்டோசர் ஓட்டுகிறவருக்கு அது இடைஞ்சல், அவர்மேல் தப்பில்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனவே இனி எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்பு ஒருவர் கேமராவோடும் அளவு நாடாவோடும் நடந்து எல்லாவற்றையும் பதிவு செய்யட்டும். வருவாய்த்துறையின் பழைய நில அளவைப் பதிவேடுகளில் யார் யார் நிலம் எப்போது எடுக்கப்பட்டது என்று இருக்கும், அதையும் பிரதி எடுங்கள். ஓடுதளம் போட நிலம் கொடுத்த குடும்பங்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கும். தாத்தா பாட்டி சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கே இப்போது எழுபது எண்பது வயது. அவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும், பெரிய திட்ட மதிப்பீடு தேவையில்லை.

விமானத்தை எப்படி வைப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு, இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தயவு செய்து கம்பத்தின் உச்சியில் குத்தி நாற்சந்தியில் நிறுத்திவிடாதீர்கள். திறப்பு விழா அன்று அழகாக இருக்கும். அதன் பிறகு மழைத் தண்ணீர் உள்ளே போகும், அடிப்பக்கத்து வடிதுளைகள் தூசியிலும் இலையிலும் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும், இரும்பு ஆணியும் அலுமினியத் தகடும் சேர்கிற இடத்தில் அரிப்பு தொடங்கும், காற்று இழுக்கும் வாயில் மைனா கூடு கட்டும், வெயிலில் டயர் வெடிக்கும், விமானியின் கண்ணாடிக் கூண்டு பால் நிறமாக மங்கும். பிறகு யாராவது அரிப்பின் மேலேயே பெயின்ட் அடிப்பார்கள், உள்ளே அது தின்றுகொண்டே இருக்கும். மேலே இருப்பதால் யாரும் ஏறிப் பார்க்கவும் முடியாது. தரையில், சொந்தக் கால்களில், டயர்மேல் பாரம் இறங்காதபடி முட்டுக் கொடுத்து, மேலே ஒரு தகரக் கூரை போட்டு நிறுத்தினால் போதும். சுவர்கூட வேண்டாம். காற்று இழுக்கும் வாய்க்கு மூடி, வருஷத்துக்கு ஒருமுறை வடிதுளை சுத்தம், கழுவல், இவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், எல்லாரும் குறை சொல்கிற வேலூர் வெயில் இதற்கு நல்லது. அலுமினியத்துக்குப் பெரிய எதிரி கடற்காற்றின் உப்பும் ஈரமும். அமெரிக்காவில் பழைய விமானங்களைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது இந்தக் காரணத்தால்தான். கடற்கரையில் நிற்கிற விமானத்தைவிடக் கூரைக்குக் கீழே அப்துல்லாபுரத்தில் நிற்கிற விமானம் நிச்சயம் அதிக காலம் தாங்கும். பறக்கும் விமானங்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று உயரக் கட்டுப்பாடு இருக்கும், சரி, ஓடுதளத்தின் முனைகளை விட்டு விலகி, சாலைப் பக்கம், முனைய வாசலை ஒட்டித் தாழ்வாகக் கூரை போட்டுக்கொள்ளலாம்.

எந்த விமானம் என்று கேட்பீர்கள். மனசு டியு-142 தான் கேட்கிறது, அது மிச்சமிருந்தால் எங்களுக்குக் கொடுங்கள், முழுசாக இல்லாவிட்டால் ஒரு இன்ஜினும் அந்த இரட்டைப் புரொப்பல்லரும் கொடுத்தால்கூடக் கொண்டாடுவோம். 1963-இல் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை பெற்றது, அதில் ஒன்று கிடைக்கலாம். ராஜாளியிலேயே பல தலைமுறை விமானிகள் ஓட்டிப் பழகிய சேத்தக் ஹெலிகாப்டர் சிறியது, ஒரே லாரியில் வந்துவிடும், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்லது கிடையாது. பெரிய பெயர் வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை, கிட்டே போய்த் தொட முடிய வேண்டும்.

காசுக்கு ஆகாத வேலை என்று ஒரு அதிகாரி என்னிடம் நேரிலேயே சொன்னார். அவருக்குப் பதில் அப்துல் கலாம் சொல்லிவிட்டார். சென்னை எம்ஐடியில் படித்தபோது அங்கே நிறுத்தியிருந்த இரண்டு ஓய்வு பெற்ற விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்றும், மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். பறக்காத விமானம்தான் அது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூருக்குச் சுற்றுலா போனால் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிற மாருத் விமானத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1961-இல் முதன்முதலாகப் பறந்த, நம் நாட்டிலேயே கட்டப்பட்ட போர் விமானம் அது. போய் வந்த பிறகும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு அப்துல்லாபுரத்தில் தொடங்கினால் என்ன?

பழையதைக் காப்பாற்றும் கை நமக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1945-க்குப் பிறகு பிரிட்டிஷார் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் பயன்படுத்தக் கூடாதென்றே சிதைத்துக் கான்பூரில் விட்டுப் போனார்கள். நம் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் ஆட்கள் அவற்றை எழுப்பிப் பெங்களூருக்குப் பறக்க வைத்துச் சரி செய்து கொடுத்தார்கள், விமானப்படை 1968 வரை ஓட்டியது. இன்றைக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் மிச்சமிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. அவர்கள் பொக்கிஷம் என்று வைத்திருப்பதை உயிரோடு வைத்திருந்தது நம் மெக்கானிக்குகளின் ஸ்பேனர்.

ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ராஜாளியிலும் தாம்பரத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற மூன்று மாவட்டத்திலும் இருக்கிறார்கள், ஒவ்வொரு ஆணியின் பெயரும் அவர்களுக்குத் தெரியும், கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவார்கள். இன்ஜினியரிங் கல்லூரிகளும் ஐடிஐகளும் சுற்றிலும் இருக்கின்றன, வருடாந்திரப் பராமரிப்பை மாணவர்களின் செய்முறைப் பயிற்சியாகவே வைத்துவிடலாம். மாவட்ட நிர்வாகம் இடத்தையும் கூரையையும் பார்த்துக்கொள்ளட்டும், கடற்படையோ விமானப்படையோ விமானத்தைக் கொடுக்கட்டும், கழுவித் துடைக்கிற வேலைக்கு நாங்கள் இருக்கிறோம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதையே மனுவாக வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் கொடுக்கப்போகிறோம். இடம் யார் பொறுப்பு, விமானம் கேட்டு எழுதவேண்டிய கடிதத்தில் எந்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், இந்த இரண்டுக்கும் பதில் கொடுத்தால் மீதி அலைச்சலை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரக்கோணத்தில் பிறந்து வேலூரில் வாழும் ஒருவர்